சொட்டு நீர்ப்பாசனமும் காய்கறிப் பயிர்களின் பசளைத் தேவையும்

பயிருக்கு உணவும் நீரும் இன்றியமையாதன. உழுதலினும் எருவிடுதல் சிறந்தது என்றும், நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் சிறந்தது என்றும் திருக்குறளின் உழவு அதிகாரம் முறைப்படுத்துகின்றது. எருவிடுதலும் நீர் பாய்ச்சுதலும் நெடுங்காலம் வெவ்வேறு தொழில்களாகவே நடைபெற்று வந்தன. சொட்டு நீர்ப்பாசனம் இவ்விரண்டையும் ஒரு தொழிலாக்கியுள்ளது. ஆதலின், நீர் பாய்ச்சும் முறையை மாற்றும் தோட்டக்காரன் பசளையிடும் முறையையும் மாற்றுதல் வேண்டும். அங்ஙனம் மாற்றாதவிடத்துப் பயிரும் கெடும், கிணறும் கெடும்.

இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர் சிம்கா பிளாஸ் என்பவரின் முயற்சியால் 1960களில் உருப்பெற்ற இம்முறையில், குழாய்களிற் பொருத்தப்பட்ட சிறு வாய்கள் வழியே நீர் மணிக்கு 2 அல்லது 4 இலீற்றர் என்னும் அளவிற் சொட்டுகின்றது. வாய்க்காற் பாசனத்திற் பாத்தி முழுவதும் நனையும். இங்கே செடியின் அடியைச் சூழ்ந்த சிறு மண்பகுதி மட்டுமே நனைகின்றது. வேர்களும் அப்பகுதியிலேயே செறிகின்றன. நனையாத மண்ணில் தூவிய பசளை கரையாது கிடந்து வீணாகும். நனைந்த பகுதியில் ஒரே முறையிற் பெருமளவாக இட்ட பசளையோ வேரைக் கருகச் செய்யும்; அன்றேல் நீருடன் வேரைக் கடந்து கீழிறங்கும். எனவே, பசளையை நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்தலே இம்முறைக்குப் பொருந்தும்.

எவ்வளவு கொடுத்தல் வேண்டும் என்பதற்குத் தக்காளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு தொன் பழம் விளைவதற்குத் தக்காளிச் செடிகள் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோகிராம் வரையிலான நைதரசனையும், அதனினும் மிகுதியான பொற்றாசியத்தையும் எடுக்கின்றன. பொசுபரசின் தேவை இவற்றினும் மிகக் குறைவு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசனாதலால், 3 கிலோகிராம் நைதரசனை ஏறத்தாழ 6.5 கிலோகிராம் யூரியா தரும். எருவிலிருந்து கிடைக்கும் நைதரசனை இதிற் கழித்துக்கொள்ளுதல் வேண்டும். இத்தேவை எப்பருவத்தும் ஒரே தன்மையதன்று. நாற்று நட்ட முதல் வாரங்களிற் சிறிதளவே போதும். இலையும் கிளையும் விரியுங்கால் நைதரசனும், காய்க்குங்காற் பொற்றாசியமும் மிகுதியாக வேண்டும். காய்க்கும் பருவத்தில் நைதரசன் மிகுந்தால் இலை செழித்துக் காய் குறையும்.

எல்லாப் பசளைகளும் குழாய்வழிச் செல்லத்தக்கனவல்ல. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரிற் கல்சியம் மிகுதி. அந்நீரிற் பொசுபேற்றுப் பசளையைக் கலந்தாற் கரையாத வீழ்படிவு தோன்றிச் சிறு வாய்களை அடைத்துவிடும். ஆகவே, பொசுபேற்றை நடுகைக்கு முன்னரே உக்கிய எருவுடன் மண்ணில் இடுதல் நன்று. உவர்க் கிணறுகள் உள்ள இடங்களிற் பொற்றாசியம் குளோரைட்டு உவரை மேலும் கூட்டும்; அங்கே பொற்றாசியம் நைத்திரேற்று ஏற்றது. அதிலுள்ள நைதரசனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். பாசனத்தின் தொடக்கத்தில் வெறும் நீரும், இடையிற் பசளை நீரும், முடிவில் குழாய் தூய்மையாகும் அளவுக்கு மீண்டும் வெறும் நீரும் விடுதல் முறை. முடிவில் விடும் நீர் மிகுந்தால், இட்ட பசளையே கீழிறங்கிவிடும்.

கீழிறங்கும் பசளை எங்கே செல்கின்றது என்பதே இங்குத் தலையாய வினா. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரி மழையாற் பாறைப் பிளவுகளிற் சேரும் நீரே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பயன்படுகின்றது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. பயிர் உண்ணாது விட்டதை மழைநீர் நிலத்தடிக்குக் கொண்டுசெல்கின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. செறிந்த பயிர்ச்செய்கை நிகழும் குடாநாட்டுப் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையை மீறியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு கிலோகிராம் நைதரசன் ஏறத்தாழ 4.4 கிலோகிராம் நைத்திரேற்றாகும். அது 88,000 இலீற்றர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. இந்நைத்திரேற்று, புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்குவதில்லை.

இதனாற் பசளையை முற்றாகக் கைவிடுதல் வேண்டும் என்பது பெறப்படாது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது இலங்கையின் விளைச்சல் வீழ்ந்ததை யாவரும் அறிவர். மிகையும் தீது, இன்மையும் தீது. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, பயிரின் பருவமறிந்து, அளந்து கொடுத்தலே வேண்டப்படுவது. சொட்டுக் குழாய் அவ்வாறு அளந்து கொடுப்பதற்கு வாய்ப்பளிக்கும் கருவியேயன்றி, தானே அளக்கும் அறிவுடையதன்று. பழைய அளவிலேயே பசளையைக் கொட்டுபவனுக்கு அதனால் நீர் மிஞ்சலாம். ஆனால் மிஞ்சிய நீர் குடிக்கத்தக்கதாய் இராது.