வாசலில் நிற்கும் வட்டிக்காரர்

மதுரை அண்ணா நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் சில தினங்களுக்கு முன் மிகுந்த கலவரத்துடன் நம்மிடம் வந்தார். அவர் வீட்டில் ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்கி வரும் அம்மாளைத் தேடிக்கொண்டு இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, தெருவாசலில் நின்று இரைந்தார்களாம். அப்பொழுது வீட்டில் நண்பரின் வயதான தாயார் மட்டுமே இருந்தார். மறுநாள் அவர்கள் நண்பரையே சந்தித்து, "அவ சம்பளத்தை எங்க கையில கொடுத்துடுங்க ஸார், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்றார்களாம். அவ்வம்மாளை இன்றே நிறுத்திவிடலாமா என்பதுதான் நண்பர் நம்மிடம் கேட்ட கேள்வி.

நிறுத்தக் கூடாது என்று சொன்னோம். இரக்கத்தை முன்னிட்டு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நண்பரின் வீட்டுப் பாதுகாப்பையே முன்னிட்டுச் சொன்னோம்.

கந்து வட்டியின் கணக்கை அறியாமல் இவ்விஷயத்தை யோசிப்பதில் பிரயோஜனமில்லை. தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாயும் அவரிடம் திரும்பிவிட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக அவளிடம் தங்கிய பணம் சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு நூறு நாள் வட்டி 1,500 ரூபாய்! வருஷக் கணக்கில் இது நூற்றுக்கு 125 ரூபாயையும் தாண்டுகிறது. நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் தவணை தவறினால் அபராதம். அதை அடைக்க இன்னொருவரிடம் தண்டல். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் புரோநோட்டும், ரேஷன் கார்டும், சில இடங்களில் பாங்கி ஏ.டி.எம். கார்டுமே வட்டிக்காரரின் பெட்டிக்குப் போய்விடுகின்றன.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1938-ல் ராஜாஜி மந்திரி சபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இரு மடங்கு செலுத்திவிட்டவனுடைய கடன் தீர்ந்தது என்று விதித்தது. அது உழவனைக் காக்க வந்த சட்டம். பிறர் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவளுக்கு அதில் இடமில்லை. 2003-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை இயற்றிய அதிக வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. குற்றவாளிக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன்பட்டவர் நியாயமான வட்டியுடன் பாக்கியைக் கோர்ட்டிலேயே கட்டிவிடவும் அதில் வழி இருக்கிறது. வக்கீல்களிலேயே பலர் இந்த வழியை மறந்துவிட்டார்கள் என்பது நமது அபிப்பிராயம். பின்னர் 2025-ல் வந்த சட்டம், வற்புறுத்திக் கடன் வசூலிப்பதையே குற்றமாக்கியது. கடனாளி வசிக்கும் இடத்துக்கு மட்டுமல்ல, வேலை செய்யும் இடத்துக்கும் அடிக்கடி வந்து தொல்லை செய்வது அதில் அடங்கும். நண்பரின் வீடு அவ்வம்மாள் வேலை செய்யும் இடமன்றோ? ஆகவே அவர் வாசலில் குற்றம் செய்தவர் அவள் அல்ல, அங்கு வந்து நின்றவரே.

இருந்தும் சட்டம் ஏழையின் வாயில் வெறும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸில் ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையானதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கந்து வட்டிக் கொடுமையைப் பற்றிப் பல முறை மனுக் கொடுத்தும் பலன் காணாதவர்கள் அவர்கள். 2022-ல் போலீஸார் கந்து வட்டிக்கென்றே தனி நடவடிக்கை எடுத்தார்கள். ஆயினும் தனியாகப் போகும் வேலைக்காரிக்குக் கிடைக்கும் பதிலும், படித்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகிறவளுக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. பின்னவளைக் கண்டால்தான் ஸ்டேஷனில் பேனா அகப்படுகிறது!

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது அதிகமில்லை. சம்பளத்தை அவள் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுக்கலாகாது. ஒரு மாதம் கொடுத்துவிட்டால் அடுத்த மாதமும் அவர்கள் உரிமையுடன் வருவார்கள். ஜாமீன் கையெழுத்தோ சாட்சிக் கையெழுத்தோ போடலாகாது. கடனை அடைக்க உதவ மனமிருந்தால், புரோநோட்டைத் திரும்பப் பெறாமல் ஒரு காசும் தரலாகாது. வந்தவரின் பெயரையும் வண்டி நம்பரையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அவளுடன் சென்று புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, அவர்களுடைய வருமானத்தைப் பாராமல், இலவசமாக வக்கீலை அமர்த்தித் தருகிறது.

திருட்டுப் பயத்தையும் பேசிவிடுவோம். நண்பரின் உள்ளத்தில் இருந்தது அதுதான். பீரோச் சாவியை மேஜைமேல் போட்டுவைத்துப் பிறகு வேலைக்காரியைச் சந்தேகிப்பது நமது குடும்பங்களின் பழைய வழக்கம். கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள். மெய்யான அபாயம் வேறு: வீட்டில் யார் எப்பொழுது இருப்பார்கள் என்று வட்டிக்காரர் அவளை மிரட்டிக் கேட்கலாம். தன் கடனை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லியவள் அந்த மிரட்டலையும் வந்து சொல்லிவிடுவாள். வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவளோ இரண்டையும் மறைப்பாள். மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவளைப் பசியோடும் பயத்தோடும் வெளியே அனுப்புவதைவிட வீட்டுக்கு ஆபத்தான காரியம் எது?

மற்றொரு எச்சரிக்கை. கடனைத் தாமே அடைத்துவிட்டு, "தீரும்வரை நீ வேறு வீட்டுக்குப் போகக் கூடாது" என்று கட்டிவைக்கும் உபகாரிகளும் நம் ஊரில் உண்டு. அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976-ம் வருஷத்துச் சட்டம் அதை ஒழித்திருக்கிறது. கொடுப்பது கடனானால் வட்டியின்றிக் கொடுங்கள். கணக்கை இருவரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவள் விலக விரும்பினால் விலகட்டும்.

மீளும் வழியையும் மதுரைச் சீமையே காட்டியிருக்கிறது. அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலியாக இருந்த சின்னப்பிள்ளை அம்மாள், களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களில் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். சிறு தொகைகளாகச் சேர்த்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்ட அப்பெண்களுக்கு வட்டிக்காரரின் தயவு தேவைப்படவில்லை. 2001-ல் டில்லியில் அவருக்கு விருது வழங்கிய பிரதம மந்திரி வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்களில் எத்தனை பேர், தம் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் அத்தகைய குழுவில் இருக்கிறாளா என்று கேட்டதுண்டு? அது மனைவியின் இலாகா என்று விட்டுவிடுகிறோம்.

நண்பர் நமது யோசனையைக் கேட்டார். மூன்றாம் நாள் வந்த இருவரிடமும் பெயரைக் கேட்டு, வண்டி நம்பரை அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொண்டார். அவர்கள் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார்கள். அன்று மாலை அவ்வம்மாள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து நண்பரின் தாயாரிடம் கொடுத்து, "இம்புட்டும் இருக்கு பெரியம்மா" என்றாளாம். பையில் நான்கு தண்டல் அட்டைகள் இருந்தன. நண்பர் அவளையும் அட்டைகளையும் அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை நமது காரியாலயத்துக்கு வருகிறார்.