மழலையின் விழா யாருக்காக?



பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி களைந்து, அம்முடியின் எடைக்கு வெள்ளியைத் தருமம் செய்வது நம் மார்க்கம் காட்டிய வழி. ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடுவதை ஆலிம்களில் பலர் ஏற்பதில்லை. ஆயினும் கேக்கும் பலூனும் ஒரே வண்ண அலங்காரமுமாக அவ்வழக்கம் நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்டது. கடன் வாங்கியேனும் நடத்தப்படும் அவ்விழா யாருக்காக?

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெருங்கூட்டமும் இரைச்சலும் அச்சத்தையே தரும். வெடித்த பலூனின் துண்டு தொண்டையில் சிக்கினால், மூச்சை அடைத்து உயிரையே பறித்துவிடக்கூடும். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் அவ்வாறே. பலூன் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மோகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டவை என்பதையும் நினைவிற்கொள்க.

பிள்ளையை மகிழ்விக்க எளிய வழி உண்டு. வன்னியம்பட்டியில் வாழ்வோர்க்கு மேற்கே மலை. அம்மலைக் காட்டில் சாம்பல் நிற அணில். அதற்கென ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988ஆம் ஆண்டு சரணாலயமே அமைக்கப்பட்டது. ஏதேனும் ஒரு நாள், பகலுறக்கம் முடிந்தபின், அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வரை அழையுங்கள். ஆளுக்கோர் ஓலைக் கிலுகிலுப்பை கொடுத்து, அந்த அணிலைப் பற்றிக் கதை சொல்லுங்கள். தின்னக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா போதும். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

அழைக்கும் பிள்ளைகளில் தந்தையை இழந்த பிள்ளை ஒன்றும் இருக்கட்டும். மிஞ்சும் பணத்தில் அதற்கொரு புத்தாடை எடுத்துக் கொடுங்கள். அம்முகத்தில் மலரும் சிரிப்பே உங்கள் மழலைக்குக் கிடைக்கும் துஆ.