பெட்டியும் திரையும் பொருந்தும் முறை

மாடியில் உள்ள டிஷ் அலைவாங்கி அசையவில்லை, கம்பியும் அறுபடவில்லை. ஆயினும், ஓர் அலைவரிசையில் ஒலி மட்டும் கேட்கிறது; திரை இருண்டிருக்கிறது. இந்நிலையில் பலர் டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கின்றனர். அதனால், நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த அலைவரிசைகளும் மறைந்துவிடுகின்றன. கருவி பழுதாவது வேறு; கருவிகள் பின்பற்றும் முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

இரு கட்டங்கள்

செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அலைகளை அனுப்புகிறது. டிஷ் அவற்றைக் குவித்துக் கம்பி வழியே செட்டாப் பெட்டிக்குத் தருகிறது. அவ்வலைகளிலிருந்து பெட்டி படத்தைப் பிரித்தெடுப்பது முதற்கட்டம். அப்படத்தைத் தொலைக்காட்சி ஏற்கும் வடிவில் அனுப்புவது இரண்டாம் கட்டம்.

சிக்கல் எக்கட்டத்தில் உள்ளது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டிக்குரிய ரிமோட்டில் ‘மெனு’ பொத்தானை அழுத்த வேண்டும். திரையில் தோன்றும் மெனு வானிலிருந்து வருவதன்று. பெட்டி தானே உருவாக்குவது. அது தெளிவாகத் தெரிந்தால் இரண்டாம் கட்டம் சரியாக உள்ளது என்று கொள்ளலாம். மெனுவே சிதைந்து தெரிந்தால் டிஷ்ஷைத் தொட வேண்டிய தேவையில்லை.

மெனு தெளிவாகத் தெரிந்தால்

மெனு தெரிந்தும் எல்லா அலைவரிசைகளும் ஒருசேர மறைந்திருந்தால், டிஷ், கம்பி, மழை ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். சில அலைவரிசைகள் மட்டும் வரவில்லையெனில், படச்சுருக்க முறையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. அதில் எம்பெக்-2 முறை பயன்பட்டது. பின்னர், எம்பெக்-4 முறையில் அமைந்த அலைவரிசைகளும் சேர்ந்தன. புதிய முறை ஏறத்தாழப் பாதி இடத்திலேயே அதே தரமுள்ள படத்தை அடக்கவல்லது. ஆனால், எம்பெக்-2 மட்டும் அறிந்த பெட்டியால் அதனை விரிக்க இயலாது. ஒலி பழைய முறையிலேயே வந்தால் ஒலி கேட்கும், படம் வராது. அலைகளை அனுப்பும் முறையே டி.வி.பி.-எஸ்2 ஆக இருந்தால், பழைய பெட்டியின் தேடலில் அலைவரிசையின் பெயர்கூடத் தோன்றாது. இக்குறையை மெனுவில் எதை மாற்றியும் தீர்க்க முடியாது. பெட்டியை மாற்றினால் போதும். டிஷ்ஷும் தொலைக்காட்சியும் அப்படியே பயன்படும்.

மெனுவே சிதைந்தால்

இந்தியா வண்ணத் தொலைக்காட்சிக்குப் பி.ஏ.எல். முறையைத் தேர்ந்தெடுத்தது. அம்முறையில் ஒரு படத்திற்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகள். நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பழைய தொலைக்காட்சி மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளால் இணைக்கப்பட்டிருக்கும்போது, பெட்டி என்.டி.எஸ்.சி. முறைக்கு மாறியிருந்தால் வண்ணம் மறைந்து கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம். படம் மேலும் கீழும் உருளலாம். மெனுவில் பி.ஏ.எல். முறையைத் தேர்ந்தால் குறை நீங்கும்.

எச்.டி.எம்.ஐ. கம்பியில் வேறொரு சிக்கல் எழும். தொலைக்காட்சி ஏற்கும் அளவைவிட உயர்ந்த படத்தெளிவைப் பெட்டி அனுப்பினால் திரை வெறுமையாகும். முதலில் கம்பியின் இறுக்கத்தையும், தொலைக்காட்சியில் சரியான இணைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னும் படம் வராவிடில், மூவண்ணக் கம்பியால் தற்காலிகமாக இணைத்து, மெனுவில் படத்தெளிவைக் குறைத்து, மீண்டும் எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு மாறலாம்.

சோதனையின் வரிசை

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வதும், ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் பிழை கண்டறிதலின் அடிப்படை. மெனு, கம்பி, அமைப்பு மாற்றம் ஆகிய மூன்றுக்கும் பின்னரே டிஷ்ஷைத் தொட வேண்டும். புதிய பெட்டி வாங்கத்தான் வேண்டுமெனில், அதன் உறையில் எம்பெக்-4, டி.வி.பி.-எஸ்2 ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குவது நலம்.