மண் ஓடு மட்டும் கிடைத்தால் ஏழ்மை என்று எழுதலாமா?

இங்கிலாந்தில் உழுத வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியோடு நடப்பவர்களுக்கு அவ்வப்போது ஒரு கனத்த துண்டு கிடைக்கும். பானை விளிம்பாக இருக்கும், இல்லையென்றால் குட்டைக் காலாக இருக்கும். சிலவற்றில் அடுப்புக்கரிகூட ஒட்டியிருக்கும். செம்புக் கலவையை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றி வார்த்த மூன்று கால் சமையல் பானையின் மிச்சம் அது. தங்கமோ வெள்ளியோ இல்லை. ஆனாலும், 1997-ல் தொடங்கி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் பதிவுத் திட்டத்தில் அதன் எடை, அளவு, படம், கிடைத்த இடம் எல்லாம் ஏறுகின்றன.

அன்று அந்தப் பானை ஒரு குடும்பச் சொத்து. உயிலில் குறிப்பிட்டு அடுத்த தலைமுறைக்கு எழுதிவைத்தார்கள். ஓட்டை விழுந்தால் உலோகம் ஊற்றி அடைத்தார்கள். உடைந்தால் உருக்கினார்கள். உருக்குக்குத் தப்பியதுதான் வயலில் கிடைக்கிறது. அதனால் உலோகத் துண்டு கிடைத்தால் ஓரளவு வசதி, மண் ஓடு மட்டும் என்றால் ஏழ்மை என்று கணக்குப் போடத் தோன்றும்.

அதே கணக்கை நம் மாவட்டச் சேரிகளுக்குப் போட்டால் தவறாகிவிடும்.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது என்பது அதில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது. சும்மாடுகூட வைக்கோலில்தான், துணியில் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே.எச்.ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இது நம் மாவட்டத்தோடு நிற்கவில்லை. குஜராத்தின் அகமதாபாத் மாவட்டம் ஜானு கிராமத்தில் 1935 நவம்பரில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த தலித் பெண்கள் தாக்கப்பட்டதை, 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதுகிறார். அவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். சண்டாளருக்கு உடைந்த கலத்தில்தான் உணவு என்று மனு தர்மம் பத்தாம் அத்தியாயம் எப்போதோ விதித்துவிட்டது.

தடை போட வேண்டிய நிலை வந்ததென்றால், அந்த வீடுகளுக்குள் பித்தளை வரத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். இல்லாமைக்கு யாரும் தடை போடுவதில்லை. வாங்க முடிந்தவர்களைத்தான் அடித்தார்கள்.

கீழடி கண்ட மண் இது. நாளை ஒரு பழைய சேரி மேட்டைத் தோண்டி, மண் ஓடு மட்டுமே கிடைத்தால் "ஏழைக் குடியிருப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. உலோகம் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

அதுவரை நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடமோ, பெயர் வெட்டிய அண்டாவோ இருந்தால், எடைக்குப் போடும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள். யார் வாங்கியது, எந்தக் காசில், ஊரில் யார் என்ன சொன்னார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள்.