சித்திரையில் சதுரகிரி ஏறப்போகிறீர்களா?

சிவகாசிப் பட்டாசு ஆலைக்குள் போகிறவர் தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மேற்கே மலையடிவாரத்தில், தாணிப்பாறை வனத்துறை கேட்டிலும் அதே சட்டம்தான். பையைத் திறந்து காட்டி, தீப்பெட்டி, பீடி, பாலித்தீன் பை எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகே சதுரகிரிக்கு ஏற விடுவார்கள். நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்பிய மாவட்டத்துக்காரர் தன் மலைக்குப் போகும்போது ஒரு குச்சிகூடக் கொண்டுபோக முடியாது!

இரண்டு கட்டுப்பாட்டுக்கும் பின்னணி ஒரே வறட்சி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை இந்த மலை கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். அதே காற்றுதான் பங்குனி, சித்திரையில் மலைக்காட்டைச் சருகுக் குவியலாக்குகிறது.

சதுரகிரி மூன்று மாவட்டத்துக்குப் பொதுவான மலை. சுந்தர மகாலிங்கம் கோயில் இருப்பது மதுரை மாவட்டத்துச் சாப்டூர் காப்புக்காட்டில். பெரும்பாலோர் ஏறுவது விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை ஒட்டிய தாணிப்பாறை வழி. முதுகுப்பக்கம் தேனி மாவட்டத்து வருசநாடு. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது.

சித்திரையில் தாணிப்பாறை வழி எப்படி இருக்கும்? மாங்கனி ஓடையில் தண்ணீர் பேருக்குத்தான். வெள்ளம் உருட்டிப்போட்ட பாறைகளுக்கு நடுவே அங்கங்கே குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். வழுக்குப்பாறை, ஈரம் இல்லாததால், பேருக்கேற்றபடி வழுக்காது. ஆனால் உச்சிவெயிலில் கை வைக்க முடியாது. காடு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், மேல்சரிவுகளில் புல் காய்ந்து மஞ்சள் பூத்துவிடும். இது கிழக்கு பார்த்த சரிவு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விடிந்த உடனே வெயில் ஏறுகிறவரின் முதுகில் விழும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் முழு ஏற்றமும் வெயிலோடுதான்.

கிழக்குச் சரிவுக்குச் சூரியன் சீக்கிரம் வரும் என்பதை வைத்தே நாள் முழுவதையும் திட்டமிடுகிறவர்கள் வேறு மலைகளில் இருக்கிறார்கள். ஆல்ப்ஸிலும், நம் காஷ்மீரத்துக் குல்மார்க்கைச் சுற்றிய சரிவுகளிலும், பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு தாங்களாகவே மேலேறி, உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். அவர்களுக்கு வசந்தகாலம் நேரக் கணக்கு பார்க்கும் காலம். இரவு வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேலோடு கெட்டியாக உறைந்துவிடும். இருட்டோடு எழுந்து அதன்மேல் ஏறுவார்கள். வெயில் பட்டு மேற்பரப்பு கொஞ்சம் இளகும் நேரம் சறுக்க உத்தமம்; அது முதலில் கிழக்குச் சரிவுக்கு வரும், கடைசியில் மேற்குக்கு. மதியத்துக்கு மேல் உருகிய நீர் உள்ளே இறங்கிப் பனி பிடிப்பு விட்டுப்போகும், சரிவு மொத்தமாகக் கீழே வரும். மேகம் மூடிய இரவில் பனி சரியாக உறையாது. விவரம் தெரிந்தவர்கள் மறுநாள் செங்குத்துச் சரிவுப் பக்கமே போவதில்லை.

பனிக்கு மதியம் எப்படியோ, நமக்குக் கோடைமழை அப்படி. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மலையுச்சியில் மேகம் திரண்டு இடி இடிப்பது பெரும்பாலும் பிற்பகலில்தான். தாணிப்பாறையில் ஒரு பொட்டுத் தூறல் விழாதபோதே மேலே கொட்டித் தீர்த்துவிடும். சரிவு குட்டை, பாறை அதிகம், தண்ணீரைப் பிடித்துவைக்க மண் இல்லை. ஓடை சடுதியில் பொங்கிவிடும். 2015 மே மாத அமாவாசைக்கு ஏறியவர்களுக்கு நேர்ந்தது இதுதான். திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். அது ஐப்பசி, கார்த்திகையில் நடக்கவில்லை, கோடையில் நடந்தது.

தீயின் கணக்கு வேறு. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணியில், மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ புல்வெளியில் வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ மேடு நோக்கி ஏறும்போது மனிதக் காலால் அதை முந்த முடியாது. குரங்கணிக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் வந்தது. தீக்காலம் என்று 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அதன் பாதைகளை மூடிவைத்தார்கள்.

சதுரகிரியில் வெகுகாலம் மாதத்துக்கு எட்டு நாள் கணக்கு இருந்தது: அமாவாசையை ஒட்டி நான்கு, பௌர்ணமியை ஒட்டி நான்கு. மழை அறிவிப்பு வந்தால் அதுவும் ரத்து. இரவு தங்கக் கூடாது, ஓடையில் குளிக்கக் கூடாது. இந்தக் கெடுபிடியைப் பக்தர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். 2015-ஐ நினைத்தால் என்னால் அவர்களோடு சேர்ந்து திட்ட முடியவில்லை. என் குறை வேறு. கேட் திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி. ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க நாள்தோறும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்து ஐந்தில் எத்தனையாவது படியில் இருக்கிறது, எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவில் என்று அதில் இருக்கும். வசந்தகாலத்தில் பகல் ஏற ஏற ஆபத்து கூடுவதையும் சேர்த்துச் சொல்வார்கள். அறிக்கை இருந்தால் யாரும் சாகமாட்டார்கள் என்றும் இல்லை. குரங்கணி நடந்த அதே 2018-இல், ஏப்ரல் கடைசியில், அதே சுவிட்சர்லாந்தின் அரோலா அருகே புயலில் மாட்டி, இரவெல்லாம் திறந்தவெளியில் கிடந்து பனிச்சறுக்குப் பயணிகள் ஏழு பேர் இறந்தார்கள். தங்குமிடம் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தது.

என்றாலும் காரணம் தெரிந்து நடக்கிறவருக்கும் கேட்டை மட்டும் நம்பி நடக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. நம் பட்டாசுத் தொழிலாளியைக் கேளுங்கள். மருந்தை வெயில் ஏறுமுன் கலக்க வேண்டும், மிஞ்சிய கலவையை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஏன் என்றும் அவருக்குத் தெரியும். மலையேறும்போது அதே மனிதருக்கு ஒரு தகவலும் கிடையாது. வேண்டியது கோயில் பக்கம் ஒரு மழைமானி, தாணிப்பாறையில் ஒரு கரும்பலகை: நேற்று மேலே எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்தச் சரிவில் தீ, எத்தனை மணிக்குள் மாங்கனி ஓடையைத் தாண்டி இறங்கிவிட வேண்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை.

பலகை வரும்வரை கேட்டில் நிற்கும் வனக்காவலரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “அண்ணே, நேத்து மேல மழை பெஞ்சுச்சா?” பெய்தது என்றால் ஓடையோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்காதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு. ஏறும்போது வருசநாட்டுப் பக்கம் கருத்தால், வழியில் உள்ள கோரக்கர் குகைவரை வந்திருந்தாலும் சரி, பிலாவடிக் கருப்பசாமிவரை வந்திருந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள். மகாலிங்கத்தை அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.