பழைய மோட்டாரும் ஏழையின் ஏரும்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் அனுமந்தையைக் கடந்து செல்வர். உப்பளங்களை அடுத்த இக்கரையில் வீசும் காற்று இரும்புக்குப் பரம சத்துரு. ஒரு மோட்டார் வண்டியை நான்கு மாரிக்காலம் வெளியில் நிறுத்திவைத்தால், அதன் தகடுகள் துருவேறி உதிரத் தொடங்கும். ஆயினும் அவ்வண்டியின் வயிற்றைத் திறந்து பார்த்தால், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பல்சக்கரங்கள் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். உடல் அழிந்தும் உயிர் போகாத இவ்வண்டிகளை எடைக்குப் போட்டுவிடுவதா, அல்லது ஏழைக் குடியானவனுக்கு உழைக்கச் செய்வதா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

பழைய காரை டிராக்டராக்குவது வீண் கற்பனையன்று. அமெரிக்காவில் ஃபோர்டு 'டி' மாடல் காரை உழவு யந்திரமாக மாற்றும் உறுப்புத் தொகுதிகள் முதல் மகா யுத்த காலத்திலேயே விற்பனையாயின. ஸ்வீடனில் 1940-ல் யுத்த நெருக்கடியால் டிராக்டர்கள் கிடைக்காதபோது, குடியானவர்கள் தாங்களே செய்துகொண்ட வண்டிகளை அந்நாட்டுச் சர்க்கார் விதி வகுத்து அங்கீகரித்தது. மலிவுச் சரக்குக் கடை ஒன்றின் பெயரால் 'ஈபா டிராக்டர்' என்று ஜனங்கள் அவற்றைப் பரிகாசமாக அழைத்தனர். 1975-ல் விதிகள் திருத்தப்பட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வேக வரம்புடன் அவ்வகை வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

இதன் சூட்சுமம் எளிது. கார் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. ஏருக்கு வேண்டியதோ இழுவிசை. ஆகவே ஒரு கியர் பெட்டிக்குப் பின்னால் மற்றொரு கியர் பெட்டியைப் பொருத்துகிறார்கள். முதற்பெட்டி நான்கு சுற்றை ஒன்றாக்க, இரண்டாவதும் அவ்வாறே செய்தால், எஞ்சின் பதினாறு முறை சுற்றும்போது வெளியே ஒரு சுற்றே வரும். வேகம் எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவுக்கு இழுவிசை பெருகும். சட்டத்தை வெட்டிக் குறுக்கி, லாரியின் பின்னச்சை மாட்டி, சக்கரங்கள் வழுக்காதிருக்கப் பாரமும் ஏற்றினால், மனிதன் நடக்கும் வேகத்தில் அது ஏரை இழுக்கும். மெதுவாகச் செல்லும்போது எதிர்காற்று கிட்டாதாகையால், ரேடியேட்டரையும் விசிறியையும் பெரிதாக்குவது அவசியம்.

நம் நாட்டிலும் இவ்வறிவுக்குப் பஞ்சமில்லை. கோவை ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டியே யந்திர நுட்பம் பயின்றவர். குஜராத்தில், மழை பொய்க்கும் அம்ரேலி ஜில்லாவைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, 1994-ல் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, இரு சக்கர அச்சும் உழுகருவிகளும் பூட்டினார். காளைகளுக்குத் தீனியிட வகையற்ற குடியானவர்களுக்கு அது பேருதவியாயிற்று. தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அமெரிக்காவும் காப்புரிமை வழங்கியது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைக் கழற்றி உறுப்புகளைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள், கல்லூரி வாசற்படி மிதியாமலே இந்த வித்தையைக் கைவரப் பெற்றவர்கள்.

அப்படியிருந்தும் தடை எங்கே? சட்டத்திலேதான். வண்டியைத் தயாரித்தவர் வகுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. வடநாட்டில் 'ஜுகாட்' எனப்படும் கூட்டு வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, அவையும் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று சுப்ரீம் கோர்ட் 2013-ல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. பிரேக் சரியில்லாத வண்டியில் ஜனங்களை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். வயலிலும் ஆபத்து உண்டு. பாரம் சரியாக அமையாவிட்டால் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவன் மேலேயே வண்டி கவிழும். ஆனால், ஆபத்து உள்ளதென்று ஒரு வித்தையை அடியோடு தள்ளுவது வேறு. விதி வகுத்து நேர்வழியில் நடத்துவது வேறு. ஸ்வீடன் இரண்டாவது வழியைத் தேர்ந்தது.

வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டர் வாடகைக்குத் தருகிறதே என்று சிலர் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், மழை பெய்த மறுநாள் ஊரார் அனைவருக்கும் அதே யந்திரம் வேண்டும். ஈரம் காயுமுன் உழாதவனுக்கு அந்தப் பருவம் போயிற்று. அரை ஏக்கர் வைத்திருப்பவன் வரிசையின் கடைசியில் நிற்பதே வழக்கம்.

2021-ல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையின்படி, 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவற்றின் எஞ்சின்களும் அச்சுகளும் உருக்கு உலைக்கே போக வேண்டுமா? பழுதற்ற உறுப்புகளைச் சோதித்துத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அளிக்கலாம். வயலுக்கு மட்டும் உரிய, வேக வரம்புள்ள வண்டி வகை ஒன்றைச் சட்டத்தில் சேர்க்கலாம். பிரேக்கையும் கவிழ்தடுப்புக் கம்பியையும் பரிசோதித்துச் சான்று வழங்கலாம். பாட்டரியின் ஈயமும் கழிவெண்ணெயும் மண்ணில் சேராதபடி காவலும் வேண்டும்.

தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே: கிராமந்தோறும் உள்ள மெக்கானிக்கையும் குடியானவனையும் ஒன்றுகூட்டுங்கள், அவர்கள் தேவையைச் சட்டசபைவரை கொண்டு செல்லுங்கள். உப்புக்காற்று தின்றது போக மிஞ்சிய இரும்பில் ஒரு குடும்பத்தின் சாகுபடி அடங்கியிருக்கிறது. அதைத் துருவுக்கு இரையாக்குவது தேச நஷ்டம்.