யந்திரத்தின் சாட்சியம்

கத்தியால் கீறாமலும் ஊசியால் குத்தாமலும் உடலினுள் மறைந்திருக்கும் வியாதியை அறிய முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளுள் காந்த அதிர்வு நிறமாலைச் சோதனை ஒன்று. பிராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிவதில் அது அடைந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் நமது நேயர்கள் அறிவது நலம். வைத்தியத்திற்கு அப்பாலும் செல்லும் பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

பிராஸ்டேட் என்பது ஆண்களின் மூத்திரப் பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் அமைந்த சுரப்பி. அதில் புற்று உண்டோ என்று ஐயுறுவதற்கு முதலில் துணைசெய்வது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரீக்ஷை. ஆனால், முதுமையில் நேரும் சாதாரண வீக்கத்தாலும் அழற்சியாலும் அவ்வளவு உயரக்கூடும். நிச்சயம் அறிய ஊசியால் சதைத் துணுக்குகளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசியோ சில வேளை புற்றைத் தொடாமலே போய்விடும். சில வேளை தீங்கு செய்யாத சிறு புற்றைக் காட்டி, அவசியமற்ற சிகிச்சைக்கு மனிதனை ஆளாக்கும்.

இச்சங்கடத்தைத் தீர்க்கவே பௌதிக சாஸ்திரத்தின் உதவி நாடப்பட்டது. காந்த மண்டலத்தில் அணுக்கரு அதிரும் உண்மையை 1946-ல் அமெரிக்காவில் பெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்டு பர்ஸலும் தனித்தனியே வெளியிட்டு, 1952-ல் நோபல் பரிசு பெற்றனர். ஒரே ஹைட்ரஜன் அணுக்கரு, தான் இருக்கும் பொருளுக்கேற்பச் சற்றே வேறுபட்டு அதிரும். அவ்வேறுபாட்டைக் கொண்டு பொருளின் பெயரையே அறியலாம்.

பிராஸ்டேட் சுரப்பிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆரோக்கியமான அணுக்கள் துத்தநாகத்தைச் சேமிக்கின்றன. அது சிட்ரேட் என்னும் பொருள் செலவாகாமல் தடுக்கிறது. புற்றணுக்கள் துத்தநாகத்தை இழக்கின்றன, சிட்ரேட் குறைகிறது. அணுக்கள் பெருகுவதால் கோலின் என்னும் பொருளோ மிகுகிறது. ஆகவே, கோலின் உயர்ந்து சிட்ரேட் தாழ்ந்த இடமே புற்றிருக்கும் இடம் என்று கருதப்பட்டது. 1990-க்குப் பின் ஸான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா சர்வகலாசாலையார் இம்முறையை வளர்த்தனர். நம்பிக்கை எங்கும் பரவிற்று.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. நியாயஸ்தலத்தில் குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சியம் எத்துணை இனிதாயினும் ஏற்கத் தக்கதன்று. அத்தகைய விசாரணையை விஞ்ஞானிகள் தாமே நடத்தினர். பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில், 110 நோயாளிகளின் நிறமாலை முடிவுகள், பின்னர் அறுத்தெடுக்கப்பட்ட சுரப்பிகளோடு ஒப்பிடப்பட்டன. 2009-ல் வெளிவந்த முடிவு யாது? வெறும் காந்தப் படத்தோடு நிறமாலையையும் சேர்ப்பதால், புற்றின் இடத்தைக் காண்பதில் அதிக நன்மை விளையவில்லை என்பதே.

காரணங்கள் வெளிப்படை. அழற்சியும், ஊசி குத்தியபின் தேங்கும் இரத்தமும் அளவைக் குழப்பும். நீரின் பேரொலிக்கிடையே சிட்ரேட்டின் குரல் மிக மெல்லியது. 2015-ல் வெளிவந்த சர்வதேச விதிமுறையில் இச்சோதனை விடப்பட்டது. நீர் பரவும் விதத்தையும் காட்டும் காந்தப் படமோ நிலைபெற்றது. 576 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஆராய்ச்சி, முதலில் அப்படம் எடுத்தால் நான்கில் ஒருவருக்கு ஊசியைத் தவிர்க்கலாம் என்று காட்டிற்று. நிறமாலை முயற்சியும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. விசேஷமாக ஆயத்தம் செய்த கார்பன் கலந்த பைருவேட்டைச் செலுத்தி நோக்கும் புதுமுறை 31 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2013-ல் வெளியாயிற்று.

தாம் பல்லாண்டு போற்றிய கொள்கை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று உலகறியச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அதுவே விஞ்ஞானத்தின் பெருமை. பொதுவாழ்வில் இறங்கிய நம்மவருக்கும் இத்தைரியம் தேவை. கூட்டத்தின் கரகோஷத்தை நிரூபணம் என்று கொள்வோர் தேசத்திற்கு நன்மை செய்பவரல்லர். யந்திரத்தின் விலையைக் கண்டு ஆஸ்பத்திரிகளும் மயங்க வேண்டாம்; நோயாளிகளும் மயங்க வேண்டாம். ஐம்பது வயது கடந்தோர் மூத்திர உபாதையை வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் செல்க. சென்று, "இப்பரீக்ஷையின் முடிவால் என் சிகிச்சை மாறுமா?" என்று கேட்க. அவ்வொரு கேள்வி பல வீண் செலவையும் வீண் வேதனையையும் தடுக்கும்.